வழிகாட்டியின் உரையும் வழிபாட்டுக் கலையும்: இத்தாலிய நூதனசாலைகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு நோக்கு

சமயக் கலை பற்றிய ஆய்வுகளிலே ஓவியனுக்கும் சிற்பிக்கும் இடமுண்டு. அவர்களைப் போஷித்த பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் இடமுண்டு. பார்வையாளனுக்கும் பிற்காலத்தில் ஓரளவு இடம் கிடைத்துள்ளது. ஆயின், கலைப்பொருளுக்கும் பார்வையாளனுக்கும் நடுவே நின்று, எதனைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், பார்த்தபின் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்லும் ஒருவரைப் பற்றி அவ்வாய்வுகள் பேசுவது அரிது. அவரே சுற்றுலா வழிகாட்டி.

பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் கலை வரலாறு சில நூறு மாணவரையே சென்றடைகின்றது. வத்திக்கான் நூதனசாலைகளுக்கோ 2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் கலை வரலாறு என்று அறிவது வழிகாட்டி கூறியதையோ, அவர் உரையைப் பதிவுசெய்து காதிற் பொருத்திக்கொள்ளும் கருவி கூறியதையோதான். எண்ணிறந்த ஓவியங்களுள் சிலவற்றைத் தெரிவுசெய்தல், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுதல், தரங்காணுதல், விளக்குதல் ஆகிய நான்கும் திறனாய்வாளனின் தொழில்களெனின், வழிகாட்டியும் திறனாய்வாளரே. எந்தத் திறனாய்வின் பின்னும் ஒரு கோட்பாடு இருக்கும். அதனைச் சொல்பவர் உணர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. வழிகாட்டியின் உரைக்குப் பின்னாலுள்ள கோட்பாடு யாது, அது வழிபாட்டுக் கலையை எவ்வாறு மாற்றிவிடுகின்றது என்பதை இத்தாலிய நகரங்கள் சிலவற்றை முன்னிறுத்தி நோக்குவது பயனுடைத்து. இலங்கைத் தமிழ் மாணவனுக்கும் இதிற் பெறவேண்டியதுண்டு என்பது இறுதியிற் புலப்படும்.

புளோரன்ஸ் நகரின் உபீற்சி நூதனசாலையிற் பயணம் தொடங்கும் பகுதியில் உயர்ந்த மண்டபம் ஒன்றுண்டு. அதிலே மூன்று பெரும் பலகை ஓவியங்கள் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் பொருள் ஒன்றே: பொற்பின்னணியில் அரியணையில் அமர்ந்திருக்கும் தேவமாதா, மடியில் குழந்தை யேசு, இருமருங்கும் வானதூதர். ஒன்று சிமாபுயே வரைந்தது. மற்றொன்று டூச்சியோ வரைந்தது. மூன்றாவது ஜொற்றோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி வரைந்தது. இவ்விடத்திற் பெரும்பாலான வழிகாட்டிகள் கூறும் உரையை எவரும் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். முதலாவது ஓவியத்தில் மாதாவின் உடல் தட்டையானது. ஆடை மடிப்புகள் வெறும் பொற்கோடுகள். இரண்டாவதிலே கோடுகள் மென்மை பெறுகின்றன. ஆயினும் தூதர்கள் காற்றில் மிதக்கின்றனர். மூன்றாவதிலேதான் ஆடையின் கீழ் முழங்கால் தெரிகின்றது, உடலுக்குப் பாரம் உண்டாகின்றது, மறுமலர்ச்சி பிறக்கின்றது. மூன்று ஓவியங்களுக்கும் சேர்த்துச் சில நிமிடங்கள். பின்னர் கூட்டம் பொற்றிச்செல்லியின் மண்டபத்தை நோக்கி நகர்கின்றது.

இவ்வுரையிற் பொய்யென்று தள்ளத்தக்கது எதுவுமில்லை. ஜொற்றோவின் உருவங்களுக்குப் பாரம் உண்டென்பது கண்கூடு. ஆனால் இக்கதையின் தோற்றுவாயைக் கவனித்தல் வேண்டும். 1550இல் வெளிவந்து 1568இல் விரிவாக்கப்பட்ட கலைஞர் வரலாற்று நூலில் ஜோர்ஜோ வசாரி என்பவர், ஓவியக் கலை மனிதனைப் போலவே பிறந்து வளர்ந்து முதிர்ச்சி பெற்றதெனக் கூறி, அதன் குழந்தைப் பருவத்தைச் சிமாபுயே, ஜொற்றோ முதலியோரிடமும், முதிர்ச்சியை மைக்கேலாஞ்சலோவிடமும் கண்டார். உபீற்சிக் கட்டடத்தை 1560இல் கட்டத் தொடங்கிய கட்டடக் கலைஞரும் இதே வசாரிதான். மெடிச்சி குடும்பத்தின் அரச அலுவலகங்களுக்கென அவர் எழுப்பிய அக்கட்டடம் 1769இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கலைக்கூடமாயிற்று. அவர் கட்டிய வீட்டிலே, அவர் கட்டிய கதையின் ஒழுங்கிலே ஓவியங்கள் நிற்கின்றன. மண்டபத்தின் அமைப்பே ஒரு வாதம். வழிகாட்டி அவ்வாதத்தை உரக்க வாசிப்பவர் மாத்திரமே.

இவற்றுள் டூச்சியோவின் ஓவியத்தை வசாரி சிமாபுயேயின் படைப்பென்றே எழுதினார். பிற்காலத்தில் அதன் ஒப்பந்தப் பத்திரம் அடையாளங் காணப்பட்டு, ஓவியம் சியெனா நகரத்தவரான டூச்சியோவுடையது என்பது நிலைநாட்டப்பட்டது. வசாரியின் இத்தவற்றைச் சுவையான செய்தியாகச் சொல்லி வழிகாட்டிகள் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதுண்டு. வசாரி கூறிய பெயர் நீக்கப்பட்டுவிட்டது. அவர் கூறிய வளர்ச்சிக் கதையோ நீக்கப்படவில்லை.

அந்த ஒப்பந்தப் பத்திரத்தைச் சிறிது விரிவாக நோக்குவோம். அது 1285ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதியிடப்பட்டது. ஓவியத்தை வரைவித்தோர் புளோரன்சின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தைச் சார்ந்த ஒரு பக்தர் சபையினர். வணிகரும் கைவினைஞருமாகிய பொதுமக்கள் மாலை வேளைகளிற் கூடித் தேவமாதாவின் படத்தின் முன் நின்று புகழ்ப்பாடல்களைப் பாடும் சபை அது. அப்பாடல்கள் குருமாரின் இலத்தீனில் அன்றி, மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் அமைந்தவை. கூலி 150 லீரா. பொன்னும் நீலமும் ஓவியனின் செலவு. வேலை சபையாருக்குத் திருப்தி தராவிடின் அவர்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஓவியனே அதனை வைத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ நாலரை மீற்றர் உயரமான அப்பலகையின் முன், திறந்த வாயும் உயர்ந்த முகமுமாகப் பாடிநின்ற மக்களை மனதிற் கொண்டு ஓவியத்தை மீண்டும் பார்த்தால், வழிகாட்டி குறையெனச் சுட்டியவை வேறு பொருள் பெறுகின்றன. அரியணையின் இருபுறமும் மும்மூன்றாக முழந்தாளிட்டிருக்கும் ஆறு தூதர்களுக்குக் கீழே தரையில்லை. பாடுவோர் தரையில் நிற்கின்றனர். தூதர்கள் அவர்களுக்கு மேலாக, ஆனால் அவர்கள் செய்யும் அதே தொழுகையைச் செய்கின்றனர். சபையின் வரிசைகள் ஓவியத்துக்குள்ளும் தொடர்வது போன்ற அமைப்பு இது. மாதாவின் நீல ஆடையின் ஓரத்தில் வளைந்து நெளிந்து இறங்கும் பொற்கோடு ஓரிடத்திலும் முறியாமற் செல்கின்றது. உடலின் பாரத்தைக் காட்டுவது அதன் நோக்கமாகத் தோன்றவில்லை. பாடுவோரின் கண்ணை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இழுத்துச் செல்வதே அதன் தொழில். மெருகேற்றிய பொற்றகடு மெழுகுதிரியின் அசையும் சுடரிலே உயிர்பெறும் பொருள். நூதனசாலையின் அசையாத மின்னொளியில் அது மஞ்சள் நிறச் சுவராக உறைந்துவிடுகின்றது. தேவாரம் பாடும் ஓதுவாரையும் உடன் பாடும் அடியாரையும் கண்டு பழகிய ஒருவருக்கு, படத்தின் முன் பாடலும் படத்தின் பகுதியே என்பதை விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டியின் உரையிலோ அப்பாடகர் சபைக்கு இடமேயில்லை. சிமாபுயேயின் படம் ஒரு துறவிமடத் தேவாலயத்துக்கும், ஜொற்றோவின் படம் வேறொரு துறவற சபையின் தேவாலயத்துக்கும் உரியவை. மூன்று தேவாலயங்களில் மூன்று வகையான தொழுகைக்கு அமைந்த படங்கள் ஒரே பரீட்சைக்கு வந்த மூன்று மாணவராக்கப்பட்டு, ஒருவர் முதலிடம் பெறுகின்றார்.

இதனாற் படங்கள் அனைத்தும் தேவாலயங்களுக்கே திரும்ப வேண்டும், நூதனசாலை ஒரு தீமை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாவிடின் டூச்சியோவின் கையும் சிமாபுயேயின் கையும் வேறென்று கண்டறிவது கடினமாயிருக்கும். தேவாலயங்களும் தம்மிடமிருந்த படங்களை எப்போதும் பேணியவையல்ல. சியெனாப் பேராலயத்துக்கென டூச்சியோ வரைந்த இன்னொரு பெரும் பீட ஓவியம் 1311இல் நகர மக்கள் புடைசூழ ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. அதே ஓவியம் 1506இற் பிரதான பீடத்திலிருந்து அகற்றப்பட்டு, 1771இல் வாளால் அறுக்கப்பட்டது. அதன் பகுதிகள் சில இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ளன. ஆகவே பிரச்சினை இடம் பற்றியது மாத்திரமன்று. இடம் மாறிய பொருளைப் பற்றி என்ன சொல்லப்படுகின்றது என்பதே பிரச்சினையின் மையம்.

இதற்கு மறுதலையான ஓர் உதாரணமும் புளோரன்சிலேயே உண்டு. சான் மார்க்கோ ஒரு டொமினிக்கன் துறவிமடம், 1869இல் நூதனசாலையாயிற்று. அங்கே பிரா அஞ்செலிக்கோ என்ற துறவியும் அவருடைய உதவியாளரும் 1440ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் சிற்றறைகளின் சுவர்களிலே தீட்டிய ஓவியங்கள் இன்றும் அதே சுவர்களில் உள்ளன. மாடிப்படியேறி வருவோரின் கண்ணெதிரே தூதர் மரியாளுக்கு மங்களவார்த்தை கூறும் காட்சி தோன்றுகின்றது. அதைக் கடந்து செல்பவர் மரியாளுக்கு வணக்கம் சொல்ல மறத்தலாகாது என்று கீழே எழுதப்பட்டுள்ளது. பார்ப்போனுக்கு ஒரு தொழிலை ஓவியமே விதிக்கின்றது.

அங்குள்ள ஏழாவது அறையின் ஓவியம் இன்னும் நுட்பமானது. கண்கட்டப்பட்ட யேசுவைச் சூழ்ந்து அடிக்கும் கைகளும் துப்பும் தலையொன்றும் உடலின்றித் தனியே மிதக்கின்றன. கீழே அமர்ந்திருக்கும் மரியாளும் புனித டொமினிக்கும் அக்காட்சியைப் பார்க்கவில்லை. மரியாள் துயரில் ஆழ்ந்திருக்கின்றாள். டொமினிக் மடியில் விரித்த நூலை வாசித்துக்கொண்டிருக்கின்றார். கதையைச் சொல்வது இவ்வோவியத்தின் நோக்கமாயின் அவர்களுடைய செய்கை விளங்காது. அவ்வறையிலே தனித்து வாழ்ந்த துறவி, தான் வாசித்ததை எவ்வாறு மனக்கண்ணில் நினைந்துருக வேண்டும் என்பதை டொமினிக்கின் உருவம் கற்பிக்கின்றது என்று கொண்டால் முழு ஓவியமும் விளங்குகின்றது. அறை சிறியது, சாளரம் ஒன்று, ஓவியம் ஒன்று. பெருங்கூட்டம் ஒருங்கே உள்ளே செல்ல முடியாது. இங்கு வழிகாட்டிக்குச் சொல்வதற்குக் குறைவாகவே உண்டு; சுவரும் சாளரமும் அவருடைய பணியிற் பாதியைச் செய்துவிடுகின்றன. நூதனசாலையான பின்னரும் ஓர் இடம் தன் பொருளை இழக்காதிருக்கலாம் என்பதற்குச் சான் மார்க்கோ சான்று.

வத்திக்கானின் சிஸ்ரைன் சிற்றாலயம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஓவியங்கள் தம் இடத்திலேயே உள்ளன. ஆலயமும் ஆலயமாகவே உள்ளது. ஆனால் நூதனசாலையின் நீண்ட கூடங்களைக் கடந்து வரும் மக்கள் வெள்ளத்தின் இறுதி இலக்கும் அதுவே. அதனுள் வழிகாட்டிகள் விளக்கவுரை நிகழ்த்துவதற்கு அனுமதியில்லை. எனவே நூதனசாலையின் முற்றத்திலே படங்கள் பொறித்த பலகைகளின் முன் நின்று முழு விளக்கமும் முன்கூட்டியே சொல்லப்படுகின்றது. இதனால் ஒரு விசித்திரமான நிலை தோன்றுகின்றது. மக்கள் முதலில் உரையைக் கேட்கின்றனர்; பின்னர் உரையிற் கேட்டவற்றை மேலே தேடுகின்றனர்; தேடியது கிடைத்ததும் பார்த்தல் முடிந்துவிடுகின்றது. பெரும்பாலோர் தேடுவது இறைவனின் விரலும் ஆதாமின் விரலும் நெருங்கும் ஒரேயொரு காட்சியை. 1481, 1482ஆம் ஆண்டுகளிற் பொற்றிச்செல்லி, பெருஜினோ, கிர்லாந்தாயோ முதலியோர் பக்கச் சுவர்களில் எதிரெதிராகத் தீட்டிய மோசேயின் வாழ்வும் யேசுவின் வாழ்வும் கவனிப்பாரற்று நிற்கின்றன. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் அவ்வமைப்பே சிற்றாலயத்தின் அடிப்படைக் கருத்து என்பது பலருக்குத் தெரியாமலே போகின்றது.

நடக்கும் திசைக்கும் பொருளுண்டு. 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ தீட்டிய விதானத்தின் நடுவே ஆதியாகமக் காட்சிகள் ஒன்பது உள்ளன. ஒளியையும் இருளையும் இறைவன் பிரிக்கும் காட்சி பலிபீடத்துக்கு மேலே உள்ளது. மது மயக்கத்திற் கிடக்கும் நோவாவின் காட்சி பிரதான வாயிலின் பக்கம் உள்ளது. வழிபாட்டுக்கென அவ்வாயிலால் நுழைந்தவர் மனிதனின் வீழ்ச்சியின் கீழ் நடக்கத் தொடங்கி, ஏதேன் தோட்டத்தையும் ஆதாமின் படைப்பையும் கடந்து, படைப்பின் மூலத்தை நோக்கிப் பலிபீடத்தை அடைந்தார். நூதனசாலை வழியாக வருவோரோ பலிபீடச் சுவரிலுள்ள சிறு வாயிலால் நுழைகின்றனர். அவர்கள் படைப்பிலிருந்து நோவாவை நோக்கி நடக்கின்றனர். கதைப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து புரட்டுவோருக்கு அது வசதியான ஒழுங்குதான். ஆயினும் மனிதனிலிருந்து இறைவனை நோக்கிய பயணம் அங்கே இறைவனிலிருந்து விலகிச் செல்லும் பயணமாகின்றது. 1536 முதல் 1541 வரை தீட்டப்பட்ட இறுதித் தீர்ப்பு ஓவியம் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நிற்கின்றது. திரும்பிப் பார்த்தாலன்றி அது தெரியாது. வழிகாட்டி இந்த ஒரு செய்தியை முற்றத்திலேயே சொல்லி, உள்ளே சென்றதும் மறுகோடிவரை நடந்து, அங்கிருந்து பலிபீடத்தை நோக்குமாறு கூறுவாராயின், பல பெயர்களையும் ஆண்டுகளையும் சொல்வதைவிட மேலான பணி செய்தவராவார்.

1980இல் தொடங்கி 1994இல் நிறைவுற்ற துப்புரவுப் பணியையும் இங்கு குறிப்பிடலாம். நூற்றாண்டுகளாகப் படிந்த மெழுகுதிரிப் புகையும் தூசியும் முன்னைய திருத்தங்களின்போது பூசிய பசைகளும் நீக்கப்பட்டு, எவரும் எதிர்பாராத பிரகாசமான வர்ணங்கள் வெளிவந்தன. ஓவியனின் சொந்த மெருகும் உடன் நீக்கப்பட்டதெனச் சில கலை வரலாற்றறிஞர் கண்டித்தனர். வேறு சிலர் உண்மையான மைக்கேலாஞ்சலோவைக் கண்டோமென மகிழ்ந்தனர். இரு சாராரும் ஓவியனை மையமாக வைத்தே வாதிட்டனர். நீக்கப்பட்ட கரியின் ஒரு பகுதி வழிபாட்டின் சுவடு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அழுக்கென்று அழைக்கப்பட்டதற்கும் ஒரு வரலாறு இருந்தது என்பதே கருத்து.

வழிபாட்டுக் கலை காட்சிக் கலையாக மாறுவது பற்றி முப்பதுகளில் ஜேர்மனிய மார்க்சியச் சிந்தனையாளர் வோல்ரர் பென்யமின் எழுதியவை பலரும் அறிந்தவை. கலைப்பொருளின் வழிபாட்டு மதிப்புக் குறையக் குறைய அதன் காட்சி மதிப்பு உயர்கின்றது என்று அவர் கருதினார். நுழைவுச்சீட்டும் வரிசையும் நேரக் கணக்கும் கொண்ட சுற்றுலாத் தொழில் இக்கருத்துக்குச் சான்று பகர்வது போலத் தோன்றுகின்றது. ஆனால் சிஸ்ரைன் சிற்றாலயம் இக்கோட்பாட்டை முற்றாக ஏற்க விடுவதில்லை. 2025ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் மறைந்தபின் அச்சிற்றாலயம் பார்வையாளருக்கு மூடப்பட்டது. மே 7ஆம், 8ஆம் திகதிகளிற் கர்தினால்மார் அங்கு கூடிப் பதினான்காம் லியோவைத் தெரிவு செய்தனர். ஒவ்வொருவரும் தம் வாக்குச்சீட்டுடன் பலிபீடத்தின் முன் நின்று, தம்மை நியாயந்தீர்க்கப்போகும் கிறிஸ்துவைச் சாட்சியாக அழைத்துச் சத்தியம் செய்தல் முறை. அவர்களுடைய கண்ணெதிரே இருப்பது மைக்கேலாஞ்சலோவின் நியாயந்தீர்க்கும் கிறிஸ்து. அச்சடங்குக்கென்றே ஓவியம் தீட்டப்படவில்லை. ஆயினும் சுற்றுலாக் கூட்டத்துக்கு உடற்கூற்று அறிவின் உச்சமாகக் காட்டப்பட்ட அதே உருவம், சில நாள்களின் பின் ஒரு மனிதனின் மனச்சாட்சியை நோக்கிப் பேசும் உருவமாயிற்று. வழிபாட்டு மதிப்பு மறைவதில்லை. அது தனக்குரிய செயலுக்காகக் காத்திருக்கின்றது எனலாம். இதனை மறைந்ததெனக் கருதுவோர், வழிகாட்டியின் உரையைக் கலையின் இயல்பென மயங்குகின்றனர்.

இவ்விடயத்தில் இத்தாலியிலிருந்து இலங்கைக்கு வருவதற்கு ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் பாலமாக அமைகின்றன. கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட 1877ஆம் ஆண்டிலேயே கொழும்பிற் பிறந்த அவர், 1914இல் அந்நூதனசாலையின் வெண்கலப் படிமங்கள் பற்றிய நூலை வெளியிட்டார்; 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணிபுரிந்தார். கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் வினாவை அவர் 1943இல் ஒரு நூலின் தலைப்பாகவே எழுப்பினார். பொருள்கள் ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டவை. அப்பயனையும் பொருளையும் விளக்குவதே நூதனசாலையின் கடமை. வெறும் அழகுணர்ச்சியைத் தூண்டுவது அதன் கடமையன்று என்பது அவருடைய நிலைப்பாடு. வாழ்நாளிற் பெரும்பகுதியை நூதனசாலைக்குள் கழித்த ஒருவரின் கூற்றாதலின் இதற்குத் தனி மதிப்புண்டு.

பொலன்னறுவையின் சிவாலயங்களில் 1907ஆம் ஆண்டை அடுத்துக் கண்டெடுக்கப்பட்ட நடராசர், சுந்தரர் முதலிய படிமங்களைக் கொழும்பிற் காண்போர் உருவத்தின் முழு வளைவையும் உடலின் மென்மையையும் கண்டு வியக்கின்றனர். வழிபாட்டிலிருந்த காலத்தில் அடியார் கண்டது அந்தக் காட்சியன்று. பட்டும் மாலையும் அணிகளும் சாத்தப்பட்ட உற்சவமூர்த்தியில் முகமும் கைகளுமே தெரியும். தோளிற் சுமந்து வீதியில் எழுந்தருளுங்கால், தீவட்டி ஒளியிலும் மேளவோசையிலும், கீழேயிருந்து மேல்நோக்கிக் காணும் தரிசனம் அது. பிரெஞ்சுச் சிற்பி ரோடான் சென்னை நூதனசாலையின் நடராச வடிவத்தை உடலழகின் சிகரமாகப் போற்றி எழுதியது புகைப்படங்களைப் பார்த்தே. தமிழர் தம் படிமங்களை இன்று வியக்கும் முறையில், கோயிலின் பங்கு எவ்வளவு, கண்ணாடிப் பெட்டியின் பங்கு எவ்வளவு என்பது பிரித்தறிய வேண்டிய ஒன்று. மண்ணிற் புதைந்து கிடந்த படிமங்களை நூதனசாலை காத்தது என்பதும், அவற்றின் நுண்மையான வார்ப்பை மறைப்பின்றிக் காட்டியது என்பதும் மறுக்க முடியாதவை. ஆயினும் வார்ப்பின் அழகோடு விளக்கம் நின்றுவிடின், டூச்சியோவின் முன் பாடியோர் மறக்கப்பட்டதைப் போலவே சுந்தரரின் முன் பாடியோரும் மறக்கப்படுவர்.

முடிவாக நோக்குமிடத்து, வழிகாட்டியின் உரையைத் திருத்துவதற்கு அதிக அறிவு தேவை என்பதிலும், வேறு வினாக்கள் தேவை என்பதே பொருத்தமாகும். யார் செய்தார், எப்போது செய்தார், எதனினும் சிறந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு அவ்வுரை விடை தருகின்றது. இது எங்கே நின்றது, யார் இதன் முன் நின்றனர், நின்று என்ன செய்தனர் என்னும் மூன்றையும் அவற்றுக்கு முன்னே வைத்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பக்தி கட்டாயமன்று. கத்தோலிக்கர் அல்லாதவரும் புளோரன்சின் பாடகர் சபையை அறிந்து அவ்வோவியத்தைக் காணலாம். சைவர் அல்லாதவரும் வீதியுலாவை அறிந்து நடராசரைக் காணலாம். கற்பனை ஓரளவு வேண்டும்; ஒப்பந்தப் பத்திரங்கள், பாடல்கள், சடங்கு முறைகள் ஆகியவற்றை வாசிக்கும் உழைப்பு அதனிலும் அதிகம் வேண்டும். இவ்வுழைப்பு வழிகாட்டியிடம் மாத்திரம் எதிர்பார்க்கத்தக்கதன்று. அவர் முற்றத்தில் நின்று கூறும் கதையைப் பல தலைமுறைகளுக்கு முன்னர் எழுதிக் கொடுத்தவர்கள் கலை வரலாற்றாசிரியர்களே. அதனைத் திருத்தி எழுதும் பொறுப்பும் பல்கலைக்கழகங்களையே சாரும்.